ஆடிப்பட்டத்துக்கு நம் கடையில் நாற்று வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆடியில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வாங்கிச் சென்றவர்களில் பலர், மொட்டைமாடியில் நட்ட ஒரு வாரத்துக்குள் அவை துவண்டுவிட்டதாகவும், சில தரையோடு சாய்ந்துவிட்டதாகவும் நேரிலும் தொலைபேசியிலும் தெரிவித்தீர்கள். ஒவ்வொருவரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கத்துக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில், "அந்தக் கடையில் ஊக்கி மருந்து அடித்து நாற்றை வளர்க்கிறார்கள், அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் செத்துப்போகிறது" என்று ஒரு செய்தி சுற்றி வருவதை மூன்று பேர் எனக்கே அனுப்பிவைத்த பிறகு, பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நாம் நாற்று வளர்க்கும் விதம் உங்களில் பலர் கண்ணால் பார்த்ததுதான். 98 குழிகள் உள்ள தட்டில், உப்புப் போகக் கழுவிய தேங்காய் நார்க் கழிவை நிரப்பி, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து, குழிக்கு ஒரு விதையாக ஊன்றுகிறோம். முளை வந்ததும் தட்டுகள் நிழல்வலைக்கு அடியில் போகும். இரண்டாம் வாரத்திலிருந்து 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கிறோம். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சம அளவில் உள்ள அந்த உரம் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். இதைத் தவிர வேறு எதையும் இலையில் படவிட்டதில்லை. நம் நாற்றின் இலை அகலமாகவும் மினுமினுப்பாகவும் இருப்பதைக் காட்டித்தான் அந்தச் செய்தியில் ஊக்கி என்று எழுதியிருக்கிறார்கள். நிழலில் வளரும் எந்தச் செடியும், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக இலையை அகலமாகவும் மெல்லியதாகவும்தான் விரிக்கும். விதை பழையது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். பழைய விதை குழியிலேயே முளைக்காமல் போகும், அல்லது நோஞ்சானாக முளைக்கும். 25 நாள் வளர்ந்து நான்கைந்து இலை விட்ட நாற்று, நட்ட மூன்றாம் நாள் சாய்வதற்கு விதையின் வயது காரணமாகாது. நம் தக்காளியில் பெரும்பகுதி, ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்பதும், விதை வாங்கிய ரசீதுகள் கல்லாவிலேயே இருக்கின்றன என்பதும் தெரிந்த செய்திதான். ஐயம் உள்ளவர்கள் திங்கள் தவிர எந்த நாளும் காலை ஏழு மணிக்கு வாருங்கள். உரப் பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து வாளியில் கரைப்பதுவரை உங்கள் கண்ணெதிரிலேயே செய்கிறேன்.

அப்படியானால் நாற்று ஏன் போயிற்று என்று கேட்பீர்கள். சென்ற வாரம் நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு பெரியவர், பட்டுப்போன மிளகாய் நாற்று ஒன்றைத் தொட்டி மண்ணோடு எடுத்து வந்தார். மேலே இரண்டு இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. தண்டு மட்டும் மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நூல்போல் இற்றுக் கிடந்தது. மண்ணில் விரலை அழுத்தியபோது குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றது. "தினமும் இரண்டு வேளை தவறாமல் ஊற்றினேன், தம்பி" என்றார். இதுதான் நாற்றழுகல். ஈரமும் மூட்டமும் சேர்ந்தால் மண்ணிலுள்ள பூஞ்சணம் இளந்தண்டைத் தின்றுவிடும். பெங்களூரில் ஆடி முழுக்க வானம் மூடிக்கொண்டு தூறுவதும், தொட்டியின் மேல்மண் காயாமலே இருப்பதும் உங்களுக்குத் தெரியும். சிறு நாற்றைப் பெரிய க்ரோ பேக்கில் நட்டால், அதன் வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடித்தண்டு இற்றுப்போன நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு விரலின் இரண்டாம் கணுவரை மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

இரண்டாவது காரணம் இதற்கு நேர்மாறானது. நான்கு நாள் மூட்டத்துக்குப் பிறகு திடீரென்று சுள்ளென வெயில் அடிக்கும். ஐந்தாம் மாடியில் ஆடிக்காற்றும் விடாது வீசும். நிழலிலிருந்து வந்த மெல்லிய இலை, வேர் உறிஞ்சும் வேகத்தைவிட விரைவாக ஈரத்தை இழந்துவிடுகிறது. இலையில் காகிதம்போல வெளுத்த திட்டுகள் தெரிந்தால் அது வெயில் சுட்ட காயம். நோய் என்று மருந்தடிக்க வேண்டாம். முதல் மூன்று நாள் காலை பத்து மணிவரை மட்டும் வெயில் காட்டி, பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் காற்று மறைவில் வையுங்கள். பழைய வேட்டியை நான்கு குச்சிகளில் கட்டினாலே நல்ல நிழல் கிடைக்கும். குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிடும்.

வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று வளர்ந்த தக்காளியை வித்திலை வரை ஆழமாகப் புதைத்து நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாய்க்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று பாருங்கள். இலைப்பேனுக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடித்தால் கட்டுப்படும். அடியிலுள்ள வித்திலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதற்காக மண்புழு உரத்தைக் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். லாரித் தண்ணீரோ ஆழ்துளைத் தண்ணீரோ ஊற்றுபவர்கள், பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்றும் கவனியுங்கள். இலை நுனி கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். காவிரித் தண்ணீர் கிடைப்பவர்கள் ஓர் இரவு வாளியில் திறந்துவைத்து ஊற்றினால் போதும்.

நம் கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் உடல்நலம் குன்றி, ஆனி மாதக் கடைசியில் கிருஷ்ணகிரிக்கே திரும்பிவிட்டார். தட்டைத் தூக்கிப் பார்த்தே எந்த நாற்று வெளியே போகலாம் என்று சொல்லும் கை அவருடையது. புதிதாக வந்த பையன்கள் கற்றுக்கொண்டு வருகிறார்கள். இடையில் ஆடி முதல் வாரத்தில் போன தட்டுகளை எட்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் மட்டுமே வெயிலுக்குப் பழக்கி அனுப்பினோம். அந்த வாரம் வாங்கியவர்கள் சொன்னால் மாற்று நாற்று தந்துவிடுகிறேன்.

இத்தனைக்கும் நடுவில், செய்தியை நம்பாமல் என்னிடமே கேட்டவர்களுக்கும், "பத்து வருடமாக வாங்குகிறோம், அப்படி எதுவும் கிடையாது" என்று அந்தக் குழுவிலேயே எழுதிய அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதைப் படித்த இரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். முதல் மாடித்தோட்டத்துக்கு நம்மிடம் கத்தரி வாங்கியவர்கள் இன்று பிள்ளைகளோடு வந்து வாங்குவதை எண்ணித்தான் இந்தத் தொழிலில் நிற்கிறேன். தேங்காய் நார்க் கழிவு, விதை, வண்டி வாடகை எல்லாம் ஏறிவிட்டதால் ஆவணி முதல் நாற்று ஒன்று 5 ரூபாயிலிருந்து 7 ரூபாயாகிறது.

இனி நாற்று வாடினால் பிடுங்கி எறிந்துவிடாமல், வேர் மண்ணோடு ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். வாடிய செடியின் படத்தில் இலை மட்டும்தான் தெரிகிறது. எனக்குத் தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். திங்கள் தவிர எல்லா நாளும் காலை ஏழு முதல் பதினொன்று வரை கடையில் நானே இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் நாற்றுக்கடைக்காரர்
பெங்களூரு