பாம்பன் சுவாமிகளின் பழைய படங்களைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைகாசித் தேய்பிறைச் சஷ்டியில் பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் குருபூஜை. அதற்கு முன்பே பாம்பன், பிரப்பன்வலசை, உச்சிப்புளிப் பக்கத்து வீடுகளில் பூஜையறைப் படங்களை இறக்கித் துடைப்பார்கள். கறுத்துப்போனதைக் கழித்துவிட்டுப் பளபளப்பான புதுப்படம் மாட்டுவதும் அப்போதுதான். கழிக்கும் முன் ஒரு நிமிடம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சண்முக கவசத்தை 1891-இல் பாடி, 1894-இல் பிரப்பன்வலசையில் குழிக்குள் 35 நாள் தவமிருந்து, 1929 மே 30-இல் சமாதியடைந்தவர் சுவாமிகள். இராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவருக்கு இன்று நாம் காணும் உருவமெல்லாம் ஓவியர்களின் கற்பனை. சுவாமிகளோ போட்டோ வந்துவிட்ட காலத்தவர். எந்தப் படம் போட்டோவிலிருந்து வந்தது, எதில் ஓவியர் கை புகுந்தது என்று பார்க்கப் பழைய அச்சுத்தான் வேண்டும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். வரிசை தப்பாத புள்ளிகள் தெரிந்தால் பிளாக் அச்சு (உலோகத் தகட்டில் அடித்தது) அல்லது ஆப்செட். ஒழுங்கில்லாமல் பொடிமணல் தூவியதுபோல் தெரிந்தால் கல்லச்சு (லித்தோ). புள்ளியே இல்லாவிட்டால் அசல் போட்டோவாக இருக்கலாம். படத்தின் அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கும். பிரேமுக்கு அளவு சரியாக வரவில்லை என்று முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான்! படத்தின் காலத்தைச் சொல்லும் முக்கியச் சாட்சி அதோடு போய்விடுகிறது.

வெட்டாமல் விட்டாலும் அந்த ஓரத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கண்ணாடியில் சந்தனம், குங்குமம் இட்டு, மறுநாள் ஈரத்துணியால் துடைக்கிறோம். வழியும் நீர், கண்ணாடி உட்காரும் கீழ்ச்சட்டத்தின் காடிக்குள் இறங்கித் தேங்குகிறது. தாள் அதை உறிஞ்சும்போது அடியில் அலை அலையாகப் பழுப்புக் கறை ஏறி, அச்சக எழுத்தை அழிக்கிறது. பொட்டைச் சட்டத்தின் மரத்தில் வையுங்கள். கண்ணாடியை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

கடற்கரையில் உப்பே காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும். கண்ணாடியைத் தொட்டபடி தாள் இருந்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை உரிக்கவோ தண்ணீரில் ஊறவைக்கவோ கூடாது; முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே வைத்து, நிழல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்துக்கொள்வதுதான் வழி.

ஒட்டாத படமென்றால் மழைக்காலத்துக்கு முன், வெயில் காய்ந்த ஒரு நாளில் பிரேமைப் பிரிக்கலாம். குப்புறப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளைக் குறட்டால் நேராக இழுங்கள். நெம்பினால் கண்ணாடி விரியும். பழைய பிரேம்களில் பின்பலகை இரண்டு மூன்று துண்டாக இருக்கும். அந்த இடுக்குகள் படத்தில் பழுப்புக் கோடாக விழுந்திருப்பதைக் காணலாம். மரத்தின் அமிலமும் இடுக்கு வழியே வரும் காற்றும் தூசியும் செய்த வேலை அது. ஹார்ட்போர்டும் அமிலம் கக்கும். ஆகவே படத்துக்கும் பலகைக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்ற கெட்டி அட்டை ஒன்று வேண்டும். முன்பக்கம் அதே போர்டை இரண்டாக ஒட்டி, படம் தெரிய நடுவில் சன்னல்போல் வெட்டினால், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். அடி ஓர எழுத்து தெரியும்படி சன்னலை வெட்டச் சொல்லுங்கள்.

படத்தை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், மெல்லிய தாள் பட்டையால், கோதுமை மாவுப் பசை கொண்டு தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் போக இடமில்லாமல் நெளியும். செலோடேப் கறை போகவே போகாது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலந்த பசையும் ஆகாது. பூச்சி வராது, ஆனால் செம்பு தாளை அரிக்கும். லேமினேஷன் எல்லாவற்றிலும் கேடு, திரும்ப எடுக்கவே முடியாது. இதைச் சில கடைகள் "பாதுகாப்பு" என்று சொல்லியே செய்து தருவது வேதனை.

பின்புறம் முழுக்கத் தாள் ஒட்டி மூடினால், தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி எளிதில் நுழையாது. பிரேமின் கீழ்மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரை விட்டு அரை அங்குலம் விலகி நிற்கும், காற்று ஓடும். மாட்டுவது உள்சுவராக இருக்கட்டும், வெயில் படாத இடமாக இருக்கட்டும். இரும்பு ஆணி, கம்பி வேண்டாம். பித்தளைத் திருகும் நைலான் கயிறும் போதும். விளக்கும் கற்பூரமும் படத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

பிரேமை மூடுமுன், பின்பக்க மவுண்ட் போர்டில் பென்சிலால் அச்சகப் பெயர், படம் வீட்டுக்கு வந்த வழி, பிரித்த தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். பேனா மை ஊறும்.

இப்படிக்கு,
படச்சட்டத் தொழிலாளர்கள் சிலர்,
மண்டபம்.