இசைத்தட்டு, திரைப்படத் தட்டுச் சேகரிப்பாளர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டியவையும் அவர் பொறுப்பிலேயே உள்ளன. ஆகவே இவ்வறிக்கை சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த ஒரே பணியைப் பற்றியது. உறுப்பினர் வீடுகளில் உள்ள இசைத்தட்டு, கேசட், சிடி, டிவிடி ஆகியவற்றைப் பார்கோடு ஸ்கேனர் கொண்டு பட்டியலிடுவதே அந்தப் பணி.

அந்தத் தீர்மானம் எந்தச் சூழலில் வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்த சில மாதங்களில் அவர் சேர்த்து வைத்திருந்த தட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டு விற்கப்பட்டன. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அலமாரியில் என்ன இருந்தது என்பதை அவர் ஒருவரே அறிவார். அதுவும் அவர் மனத்தில் மட்டுமே இருந்தது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யூஎஸ்பி வழியாகக் கணினியில் செருகும் ஸ்கேனர் ஒன்றை மன்றச் செலவில் வாங்கினோம். கணினிக்கு அது ஒரு விசைப்பலகை போன்றதுதான். படித்த எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டு ‘என்டர்’ தட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். கைப்பேசிக் கேமராவும் இதையே செய்யும் என்றாலும், இருநூறு தட்டுகளை ஒரே அமர்வில் பார்ப்பவருக்குக் கைப்பேசியைப் பிடித்துப் பிடித்துத் தோள் கழன்றுவிடும் என்பது அனுபவம். ஒருவர் ஸ்கேன் செய்ய, இன்னொருவர் உறையின் முதுகில் உள்ள பெயரையும், நிறுவனம் தன் வெளியீட்டுக்குத் தரும் வெளியீட்டு எண்ணையும் உரக்கப் படிக்க, மூன்றாமவர் திரையில் வந்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற முறையில் இந்த ஆண்டு ஏழு வீடுகளுக்குச் சென்றோம். அவ்வீடுகளில் கிடைத்த காபிக்கும் பொறுமைக்கும் மன்றம் கடமைப்பட்டுள்ளது.

முதல் வீட்டிலேயே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருந்தது. அந்தக் கோடுகளுக்குள் படத்தின் பெயரும் பாடல் பட்டியலும் அடங்கியிருப்பதாக நம்மில் பலர் நினைத்திருந்தோம். கோடுகளுக்குள் இருப்பது ஓர் எண், அவ்வளவுதான். அமெரிக்க முறையில் அது 12 இலக்கம், ஐரோப்பாவில் தொடங்கி நம் நாட்டிலும் வழங்கும் முறையில் 13 இலக்கம். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரத்து மளிகைக் கடை ஒன்றில் முதன்முதலாக இக்குறியீடு கல்லாவில் படிக்கப்பட்டபோது எதிரே இருந்தது ஒரு சூயிங்கம் பொட்டலம். கல்லாவில் விலை போடுவதற்காகப் பிறந்த எண்ணை நாம் நூலகப் பணிக்கு இழுத்து வந்திருக்கிறோம். அந்த எண்ணை யாராவது ஒருவர் ஏற்கெனவே ஓர் இணையத் தரவுத்தளத்தில் பெயரோடு சேர்த்துப் பதிந்திருந்தால் மட்டுமே நமக்குப் பெயர் வரும். பதியாவிட்டால் ஸ்கேனர் ‘பீப்’ என்று ஒலிப்பதோடு சரி.

எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கிச் சேர்த்தால், அது பத்தின் மடங்காக எவ்வளவு தேவையோ அதுவே பதின்மூன்றாம் இலக்கம். 890123456789 என்று தொடங்கும் மாதிரி எண்ணில் முதல் கூட்டல் 28, இரண்டாவது 34, 34-ஐ மூன்றால் பெருக்க 102, மொத்தம் 130. ஏற்கெனவே பத்தின் மடங்காக இருப்பதால் கடைசி இலக்கம் 0. உறை கசங்கிப்போய் ஸ்கேனர் படிக்க மறுக்கும் எண்களைக் கையால் உள்ளிடும்போது இந்தக் கணக்குப் பெரும்பாலான பிழைகளைக் காட்டிக்கொடுத்தது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வேறுபாடு சரியாக ஐந்தாக இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். 27-ஐ 72 என்று அடித்தால் பிடிபடாது. அப்படி இரண்டு தட்டுகள் நம் கையிலேயே தவறிப் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டன.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்று உறுப்பினர்கள் குறித்துக்கொண்டு வந்ததையும் திருத்த நேர்ந்தது. அந்த முன்னெண், எண்ணை வழங்கிய அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். தட்டு எங்கே அச்சானது என்பதைச் சொல்லாது. இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888 என்பனவும் அவ்வாறே. பட்டியலில் ‘தயாரான நாடு’ என்ற பத்தியை (நெடுவரிசையை) இனி உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மட்டுமே நிரப்ப வேண்டும் எனச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

இனி, கிடைத்த பலனைப் பார்க்கலாம். மேற்கத்திய இசை சிடிகளும் ஆங்கிலப் பட டிவிடிகளும் ஏறக்குறைய ஸ்கேன் செய்த வேகத்திலேயே பெயரும் ஆண்டும் உறைப்படமுமாகப் பட்டியலில் ஏறின. ஓர் உறுப்பினரின் ஜாஸ் அலமாரி ஒரே மாலையில் முடிந்தது. அதே வீட்டின் தமிழ் அலமாரிக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த எக்கோ, ஓரியண்டல், பிரமிட் நிறுவனங்களின் சிடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பார்த்தவற்றில் பலவற்றுக்குப் பார்கோடே இல்லை. ஒரே தட்டில் இரண்டு மூன்று படங்களின் பாடல்களைச் சேர்த்து வெளியிடுவது அன்றைய வழக்கமாதலால், எந்தப் படத்தின் பெயரில் தேடுவது என்பதே ஒரு கேள்வியாகிவிடும். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது நாம் கூடை கூடையாக வாங்கிய படங்களுக்குப் பார்கோடு உண்டு. தேடினால் விடை கிடைப்பதுதான் அரிது. சிறிய வெளியீட்டாளர் சிலர் ஒரே எண்ணை இரு வேறு படங்களின் உறையில் அச்சிட்டிருந்ததையும் கண்டோம்.

இதற்கு மேல் கடைக்காரர்களின் ஒட்டுத்தாள்கள் வேறு. அசல் பார்கோட்டின் மேலேயே தங்கள் விலைச்சீட்டை ஒட்டும் வழக்கத்தால், ஸ்கேனர் படித்தது கடையின் உள் எண்ணைத்தான். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைகளின் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை என்பதை அறிந்த பிறகு, அவ்வாறு வரும் எண்களை ஏற்காமல் ஒட்டுத்தாளை உரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். முடி உலர்த்தும் கருவியின் மெல்லிய சூட்டில் பசை நன்றாக இளகுகிறது.

எல்பி தட்டுகளிலும் கேசட்டுகளிலும் பெரும்பாலானவை பார்கோடு காலத்துக்கு முற்பட்டவை. இங்கே நமக்குத் துணை நின்றது வெளியீட்டு எண்ணே. எச்எம்வி எல்பிகளில் ‘ஈசிஎல்பி’ என்ற எழுத்துகளோடு வரும் எண், தட்டின் நடுவட்டத்திலும் உறையின் மூலையிலும் இருக்கும். பாடல் முடிந்து ஊசி வட்டமிடும் வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் டார்ச் வெளிச்சத்தில் படித்துக் குறிக்கிறோம். உறை மாறிப்போன தட்டுகளை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. பார்கோட்டை நம்பித் தொடங்கிய பணியில் கடைசியில் மிகவும் நம்பத் தகுந்ததாக நின்றது இந்தப் பழைய எண்தான் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு முதல் அதுவே பட்டியலின் முதல் பத்தியாக வேண்டும் எனப் பரிந்துரைக்கிறேன்.

உறையே இல்லாத சிடிகளுக்கு வேறொரு வழி உண்டு. சாதாரண இசை சிடியில் பாடல் பெயர்கள் இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பாடலும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது, ஒரு நொடியை 75 கூறாகப் பிரித்த கணக்கில், தட்டின் தொடக்கத்திலேயே பதிந்திருக்கும். அந்த வரிசையைக் கொண்டு மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் தட்டை அடையாளம் காண்கின்றன. இதற்காகவே பலர் நம்பியிருந்த ஃப்ரீடிபி 2020-இல் மூடப்பட்டதையும் இங்கே நினைவூட்டுகிறேன். இணையத்தில் கிடைக்கும் விடையை நம் கோப்பில் படியெடுத்து வைக்காவிட்டால், அந்தத் தளம் போகும் நாளில் நம் பட்டியலும் போய்விடும்.

நம் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு வீடுகளில் எடுத்த எண்கள் முழுவதும் வீணாயின. விரிதாளில் அந்தப் பத்தியை ‘எழுத்து’ என்று அமைக்காமல் ‘எண்’ என்றே விட்டிருந்தோம். அமெரிக்கத் தட்டுகளின் எண்களுக்கு முன்னால் இருந்த சுழியங்கள் முதலில் மறைந்தன. 13 இலக்க எண்கள் முதல் சில இலக்கமும் பத்தின் அடுக்குமாகச் சுருங்கித் திரையில் தெரிந்தன. அதைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக (சிஎஸ்வி) சேமித்தபோது திரையில் தெரிந்த அந்தச் சுருக்கமே கோப்பில் ஏறியது. மற்ற இலக்கங்கள் திரும்பவில்லை. தமிழ்ப் பெயர்களும் வேறொரு கணினியில் திறந்தபோது புரியாத குறிகளாகக் காட்சியளித்தன. அதை மட்டும் எழுத்துக் குறியாக்க முறை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்ததும் சரிசெய்ய முடிந்தது. பத்தி அமைப்பை முன்கூட்டியே செய்து வைத்த வெற்றுக் கோப்பு ஒன்று இப்போது எல்லா உறுப்பினருக்கும் தரப்படுகிறது. பிழை செயலாளருடையது. அவ்விரு வீட்டாரும் மறுபடி கதவைத் திறந்தார்கள்.

பெயர்களை எழுதும் முறை பற்றி நான்கு செயற்குழுக் கூட்டங்கள் நடந்தன. சில காரசாரமாகவே நடந்தன. வெளித் தரவுத்தளங்களில் இளையராஜா பெயரே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகக் காணப்படுகிறது. ஆதலால் படப்பெயர், இசையமைப்பாளர், பாடகர் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதுவது, உறையில் உள்ள ஆங்கில வடிவத்தைத் தனிப் பத்தியில் உள்ளபடியே படியெடுப்பது என முடிவாயிற்று. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் 1965-இல் பிரிவதற்கு முன் வெளிவந்தவற்றை இரட்டையர் பெயரில் தனிப்பதிவாக வைக்க வேண்டும், எம்.எஸ். விஸ்வநாதன் என்ற பெயரோடு கலந்துவிடக் கூடாது. அகரவரிசையிலும் ஒரு சிக்கல் எழுந்தது. கணினி எழுத்துகளின் குறியீட்டு வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் வருவதால், மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்காமல் வரிசைப்படுத்தினால் நம் நெடுங்கணக்கு குலைந்துவிடும். படம் வெளியான ஆண்டில் ஐயம் எழுந்தபோதெல்லாம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலையே புரட்டினோம். தனி ஒரு மனிதர் கையால் குறித்து வைத்தது இன்றும் நமக்கு விடை சொல்கிறது.

பார்கோடு இல்லாதவற்றுக்கு நாமே எண் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். வீட்டுக்குரிய இரண்டெழுத்தும் வரிசை எண்ணும் கொண்ட ஒட்டுத்தாளை, எழுத்தையும் எண்ணையும் ஏற்கும் ‘கோட் 128’ முறையில் அச்சிட்டு உறையில் ஒட்டுகிறோம். சிடியின் மேல் எக்காரணம் கொண்டும் ஒட்டக் கூடாது. ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் பெயர் அச்சிட்ட பக்கத்தின் அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, தாளை உரித்தால் அதுவும் சேர்ந்து வரும். கல்யாண வீடியோ கேசட்டுகளும் வானொலியிலிருந்து பதிந்த ஒலிநாடாக்களும் இம்முறையில்தான் முதன்முறையாகப் பட்டியலுக்குள் வந்தன. ‘இரவல்’ என்று ஒரு பத்தியும் சேர்த்தோம். அதை நிரப்பத் தொடங்கிய பிறகு நம் உறுப்பினர்களுக்குள்ளேயே எத்தனை தட்டுகள் வீடு மாறியிருந்தன என்பது தெரியவந்தது. சில நட்புகள் சற்றே சோதனைக்குள்ளாயின, தட்டுகள் திரும்பின.

பட்டியலோடு பாடல்களையும் கணினிக்கு மாற்றி ஒருவருக்கொருவர் வழங்கலாம் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964-க்குள் வெளியான ஒலிப்பதிவுக்கு அந்தக் காலம் முடிந்திருந்தாலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை தனிக் கணக்கு. மன்றத்தின் வேலை எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பது மட்டுமே. அதிலும் யார் வீட்டில் என்பது பொதுப்பட்டியலில் இடம்பெறாது. வீட்டுப் பட்டியல் அந்தந்த உறுப்பினரிடமும், அவர் குறிப்பிடும் குடும்பத்தார் ஒருவரிடமும் மட்டுமே இருக்கும்.

வரும் ஆண்டுக்கு ஒரே முன்மொழிவை வைக்கிறேன். ஸ்கேன் செய்தும் விடை வராத தமிழ்த் தட்டு ஒவ்வொன்றையும், உறையின் இருபுறப் படம், வெளியீட்டு எண், பாடல் வரிசை, பார்கோடு ஆகியவற்றோடு மியூசிக்பிரெயின்ஸிலும் டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்திலும் நாமே பதிய வேண்டும். இரண்டும் பயனர்கள் பதிவதால் வளர்பவை. ஜாஸ் அலமாரி ஒரே மாலையில் முடிந்ததென்றால், எங்கோ முகம் தெரியாத ஒருவர் அத்தட்டுகளை முன்பே உட்கார்ந்து பதிந்திருந்தார் என்பதே காரணம். தமிழ்த் தட்டுகளுக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள், தட்டைக் கையில் வைத்திருக்கும் நாம்தான். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் பத்துத் தட்டுகளைப் பதிவதாக ஒப்புக்கொண்டால் போதும். ஆங்கிலத் தட்டச்சில் தயக்கம் உள்ளவர்களுக்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் மன்ற அறையில் உதவி கிடைக்கும்.

இந்த முன்மொழிவையும், வெளியீட்டு எண்ணை முதல் பத்தியாக்கும் திருத்தத்தையும் விவாதித்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இரவல் திரும்பாதவற்றின் பட்டியல் வாசலருகே ஒட்டப்பட்டுள்ளது.

செயலாளர்