பேராசிரியரைப் பற்றிப் பேச எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் தி.மு.க. தலைவர்களில் ஒருவரான பேராசிரியர் க. அன்பழகனின் சட்டமன்ற வாழ்க்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். முடிந்ததும் நிறைய பேர் வந்து பாராட்டினீர்கள், சந்தோஷமாக இருந்தது, ஆனால் அந்தப் பேச்சில் என் உழைப்பு பாதிதான். மீதிப் பாதிக்கு உரியவர்களுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாக நன்றி சொன்னது எனக்கே போதவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. பேரவையில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் கொண்டுவந்த முதல் வரைவில் "ஒன்பது முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்து போயிருந்தேன். நீங்கள் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி, "சரிம்மா, ஒன்பது முறை ஜெயிச்சார். அதில் எத்தனை முறை அஞ்சு வருஷம் முழுசா உட்கார்ந்தார்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரியே நோட்டில் ஒன்பது வரி போட்டு ஒவ்வொன்றாக எழுதினேன்.

1957 எழும்பூர், முழுக்காலம். 1971 புரசைவாக்கம், 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியும் போனது, பேரவையும் கலைந்தது. 1977 மறுபடி புரசைவாக்கம், 1980 பிப்ரவரியில் கலைப்பு. 1980 மூன்றாவது தடவையாகப் புரசைவாக்கம், 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டதை அடுத்து ஆகஸ்டில் கலைஞரோடு சேர்ந்து தானே பதவியை விட்டார். 1984 பூங்கா நகர், 1986இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காகப் பதவி பறிபோனது, அவரோடு சேர்த்து மொத்தம் பத்துப் பேருக்கு. 1989 அண்ணா நகர், 1991 ஜனவரியில் கலைப்பு. அப்புறம்தான் துறைமுகம் தொகுதியில் 1996, 2001, 2006 என்று மூன்று முழுக்காலம்.

எழுதி முடித்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1971 முதல் 1991 வரை ஐந்து முறை வென்று ஒருமுறைகூட ஐந்து ஆண்டு முடியவில்லை! அதில் இரண்டு முறை, போகும் என்று தெரிந்தே தான் எடுத்த முடிவால் போனது. பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் பதின்மூன்று ஆண்டு தமிழ் நடத்திவிட்டு, அந்த நிலையான வேலையை விட்டு வந்த மனிதர் இவர். நானும் தமிழாசிரியர் என்பதாலோ என்னவோ, அந்த வேலையை விடுவது எப்படிப்பட்ட முடிவு என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஐயா, உங்கள் அந்த ஒரு கேள்வியால்தான் பேச்சுக்கு முதுகெலும்பு கிடைத்தது. துறைகளுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் எது, அந்தத் தொகையைக் குறைக்கக் கேட்கும் வெட்டுத் தீர்மானம் எது, அவைக் குறிப்பில் ஒருவருடைய பேச்சை எப்படித் தேடிப் பிடிப்பது என்று இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

அடுத்து, நம்ம தெருக் கல்லூரித் தம்பிக்கு. 1957 தேர்தல் முடிவுப் பட்டியலில் எழும்பூரில் அவர் பெயருக்கு நேராகச் 'சுயேச்சை' என்று இருந்ததைப் பார்த்து, வேறு யாரோ அன்பழகன் போலிருக்கிறது என்று நான் ஒதுக்கிவிட்டேன். நீதான் கோப்பை மறுபடி திறந்து, காஞ்சிபுரத்தில் அண்ணா பெயருக்கு நேரேயும், குளித்தலையில் கலைஞர் பெயருக்கு நேரேயும் அதே சொல் இருப்பதைக் காட்டினாய். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட பொதுத்தேர்தல் அது, அப்போது அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை, அதனால் 205 பேர் கொண்ட அவைக்குள் போன அந்தப் பதினைந்து பேரும் ஏட்டில் சுயேச்சைகள்தான். நீ மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொல்லியிருப்பேன் தம்பி.

நூலகர் அக்கா, மாவட்ட மையத்திலிருந்து மூன்று தடவை புத்தகம் வரவழைத்துக் கொடுத்தீர்கள், மூன்று தடவையும் கெடு தாண்டித்தான் திருப்பிக் கொடுத்தேன், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மண்ணடியில் ரொம்ப வருஷம் கடை வைத்திருந்த பாய், உங்களுக்கும் நன்றி. எழும்பூர், புரசைவாக்கம், பூங்கா நகர், அண்ணா நகர், துறைமுகம் ஐந்தையும் நீங்கள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து, நடுவில் பச்சையப்பன் கல்லூரிக்கு ஒரு புள்ளி வைத்துக் காட்டினீர்கள். பாடம் நடத்திய இடத்தைச் சுற்றியே அவர் ஒன்பது முறையும் ஓட்டுக் கேட்டிருக்கிறார் என்பது அந்தக் காலண்டர் அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. புரசைவாக்கமும் பூங்கா நகரும் இப்போது தொகுதியாகவே இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு அந்தப் படம் ரொம்பப் பயன்பட்டது.

நேரம் போதாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1957இல் 34 வயதில் உள்ளே போனவர், 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்தில் பேரவை கூடியபோது நிதியமைச்சராக எழுந்து வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார், அப்போது வயது 87. இரண்டு முறை கல்வி அமைச்சராகவும் இருந்தவர். டி.பி.ஐ. என்றே நாங்கள் சொல்லிப் பழகிய நுங்கம்பாக்கம் பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்கு 2022இல், அவருடைய நூற்றாண்டில், அவர் பெயரை வைத்தார்கள். அடுத்த தடவை பயிற்சிக்குப் போகும்போது அந்தப் பெயர்ப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று இருக்கிறேன்.

ஐயா, முழங்கால் வலியால் அன்று நீங்கள் வர முடியவில்லை. பேச்சைத் தம்பி முழுக்கப் பதிவு செய்திருக்கிறான், சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொண்டு வருகிறேன், அந்த ஒன்பது வரி நோட்டையும் சேர்த்து. 1962 முதல் 1967 வரை மேலவையில் அவர் இருந்த காலத்தை நான் தொடவே இல்லை, அதை எங்கே தேடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.