குமரேசனுக்கு, சாரணர் பேண்ட் விஷயமாக

வேலூர்,
ஆனி 20

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்தது. குடியாத்தத்தில் ஒரு மழை தட்டிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். இங்கே கோட்டை மைதானத்தில் சாயங்காலம் 6 மணிக்கும் அனல் அடங்கவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம், கூடிவந்தால் முதல் ஓலை உனக்குத்தான்.

இனி நீ கேட்ட விஷயம். புதுச் சாரணர் படை, 4 அணி, 32 பையன்கள். சட்டையில் யோசிக்க ஒன்றுமில்லை, ஸ்டீல் கிரே. பேண்ட் நேவி ப்ளூ. அரைக்காலா முழுக்காலா, எப்படித் தைப்பது என்பதுதான் உன் கேள்வி. அமைப்பில் சந்தேகம் வந்தால் நம் இயக்கத்தின் விதிப் புத்தகமான ஏ.பி.ஆர்.ஓ. இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொள். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு பண்ணாதே.

உன் பேரன் அமெரிக்காவில் போடுகிற ஆலிவ் பச்சை பேண்ட்டை, தொடையில் ஜிப்பைத் திறந்தால் அரைக்கால் ஆகிவிடுகிறதே, அதைப் போல நேவி ப்ளூவில் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அது மெல்லிய நைலான் துணிக்கு வடிவமைத்தது. நம் ஊர் சூட்டிங் துணியில் அந்த ஜிப்பை வைத்தால் தொடையைச் சுற்றி ஒரு கட்டை வளையம் மாதிரி நிற்கும், நடக்க நடக்க உரசும். மண் ஏறினால் ஜிப் சிக்கும். கழற்றிய கால்களில் ஒன்று முகாமிலேயே தொலையும். எது இடது, எது வலது என்று தெரியாமல் பையன்கள் மாற்றி மாட்டி இழுப்பார்கள், பல் பெயர்ந்துவிடும். ஒரு ஜிப் போனால் அதே நீளத்தில், அதே பல்லில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

தொடைப்பக்கம் பெரிய பாக்கெட் வைத்த கார்கோவும் நம் சீருடைக்குச் சேர்ந்ததில்லை. அதில் பையன் போடுகிற கயிறும் கத்தியும் நடக்கையில் தொடையில் அடித்துக்கொண்டே வரும். அணிவகுப்பில் நிற்கும்போது 32 பேர் தொடையும் 32 விதமாகப் புடைத்திருக்கும்.

அரைக்கால் நல்ல உடைதான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் காலத்திலிருந்து கூடவே வந்தது. காற்றோட்டம் உண்டு, நனைந்தால் சீக்கிரம் காயும், துணியும் மிச்சம். 58 அங்குல அகலத் துணியில் ஒரு பையனுக்கு 65 சென்டிமீட்டர் போதும். ஆனால் நீ பையன்களை அமிர்திக்கும் ஜவ்வாது மலைக்கும் கூட்டிப்போகப் போகிறாய். அங்கே நாயுருவி, ஒட்டுப்புல், சீமைக்கருவேல முள் மூன்றும் காலுக்குத்தான் காத்திருக்கும். முழங்கால் வரை சாக்ஸ் போட்டால் தப்பலாம் என்பார்கள், அந்த சாக்ஸ் முதல் மைலிலேயே சரிந்து கணுக்காலில் கிடக்கும். இன்னொன்று, எட்டாம் வகுப்பு தாண்டிய பையன் அரைக்காலோடு பஸ் ஏறக் கூச்சப்படுவான். சீருடைக்குக் கூச்சப்பட்டே படைக்கு வராமல் நின்றுவிடுகிற பையன்கள் உண்டு. சின்னப் பையன்களான குருளையருக்கு அரைக்கால் தை, சாரணருக்கு முழுக்கால். என் அபிப்பிராயம் இதுதான்.

முழுக்காலிலும் தையல்தான் முக்கியம். இப்போது பையன்கள் கேட்பது பென்சில் ஃபிட். பாட்டம், அதாவது கால் முனையின் சுற்றளவு, 12 அங்குலம் வைத்தால் முழங்காலுக்கு மேல் சுருட்ட முடியாது. ஓடையில் இறங்க வேண்டுமானால் பேண்ட் நனையத்தான் வேண்டும். இடுப்பு 28 உள்ள பையனுக்குப் பாட்டம் 15 அங்குலம் வைக்கச் சொல். முன்பக்கம் இடுப்புக்குக் கீழே ஒற்றை ப்ளீட், அதாவது ஒரு கொசுவ மடிப்பு, போதும். ப்ளீட்டே இல்லாவிட்டால் மண்டியிடும்போது தொடை பிடிக்கும், இரட்டை ப்ளீட் வைத்தால் ஒல்லிப் பையன் வயிற்றில் துணி உப்பிக்கொள்ளும்.

பேண்ட் கிழிவது பெரும்பாலும் பின்புறச் சீட்டுத் தையலில்தான். காரணம் துணியில்லை. லோ வெயிஸ்ட் என்று இடுப்பை இறக்கித் தைப்பார்கள், குந்தும்போது இழுப்பு முழுவதும் கவட்டில் விழும். இடுப்புப் பட்டி தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே உட்கார வேண்டும். சீட்டில் இரட்டைத் தையல் போடச் சொல். பின் இடுப்பில் உள்பிடிப்பு, அதாவது பிறகு பிரித்துவிட உள்ளே விடுகிற துணி, ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதேபோல் பாட்டத்தில் உள்ளே 3 அங்குலம் மடிப்பு விடச் சொல். 12, 13 வயதில் பையன் ஒரே வருஷத்தில் 2 அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிடுவான். பிரித்துவிடும்போது பழைய மடிப்புக்கோடு தெரியும், உள்ளே இருந்த துணி வெளுக்காமல் பட்டையாகக் காட்டும். அதை மறைக்க வழியில்லை, புது பேண்ட்டுக்கு இது தேவலை.

துணியில் மூன்று ரகம் காட்டுவார்கள். பாலியஸ்டர் விஸ்கோஸ் மலிவு, மடிப்பு நிற்கும். ஆனால் வியர்வையைக் காட்டன் அளவுக்குக் குடிக்காது, சீட்டில் பளபளப்பு ஏறிவிடும், முகாம் தீயில் ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். சுத்தக் காட்டன் ட்ரில் உடம்புக்கு இதம், தீக்குப் பரவாயில்லை. குறை என்னவென்றால் சுருங்கும், நேவி ப்ளூ சீக்கிரம் வெளுக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அலசினாலும் வெள்ளைப் படிவு நிற்கும், நீலத்தில் அது நன்றாகவே தெரியும். ஆகவே நடுவழியாக டெரிகாட்டன் எடு, காட்டன் பங்கு அதிகமுள்ளதாகக் கேள். தைக்கும் முன் ஒரு ராத்திரி ஊறவைத்து நிழலில் காயவைத்தால் சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். துவைத்தபின் உள்பக்கம் வெளியே திருப்பி உலர்த்தச் சொல்லிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை போடு.

லாங் பஜார் கடைகளில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நேவி ப்ளூவும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். துணியைத் தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் பார். பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணிமேல் இருபது தடவை அழுத்தித் தேய். நீலம் இறங்கினால் வேறு துணி காட்டச் சொல். 32 பேருக்கும் ஒரே தானில், அதாவது ஒரே துணிச்சுருளில், எடு. இன்று 20 மீட்டர், அடுத்த வாரம் 15 மீட்டர் என்று எடுத்தால், வரிசையில் நிற்கும்போது இரண்டு நீலம் தெரியும். சராசரி ஒரு பேண்ட்டுக்கு 58 அங்குலத்தில் 1.10 மீட்டர், ஆக 35 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. சுருக்கத்துக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 37 எடு. இரண்டு பேண்ட்டாகச் சேர்த்து வெட்டினால் மிச்சப்படும். மிஞ்சிய துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஒட்டுப்போட உதவும்.

இப்போது ஆர்டர் கொடுக்காதே. பள்ளிச் சீருடை தைத்துத் தையல்காரர்கள் களைத்திருப்பார்கள், மனசும் கையும் அவசரத்தில் இருக்கும். ஆடி பிறந்தால் அவர்களுக்கு வேலை மந்தம், கடைகளிலும் தள்ளுபடி. காலாண்டு விடுமுறை முகாமுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. முதலில் 26, 28, 32 என மூன்று இடுப்பில் மாதிரி ஒவ்வொன்று தைத்து வாங்கு. பையனைப் போடச் சொல்லிக் குந்தச் சொல், சம்மணம் போடச் சொல், ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு அடுப்பு மூட்டுகிற மாதிரி குனியச் சொல். எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துத் தையல்காரரிடம் காட்டு. வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

இடுப்பில் ஹுக் மட்டும் வைத்தால் துவைக்கிற கல்லில் அது சப்பையாகிவிடும், ஹுக்கோடு உள்ளே ஒரு பட்டனும் வைக்கச் சொல். லூப் ஏழு இருக்கட்டும், நடுமுதுகில் ஒன்று கட்டாயம்.

சனிக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா, வரும்போது நம் சாரணர் பெல்ட்டில் ஒன்று கொண்டு வா. தையல்காரர் கண்ணளவில் லூப் தைத்துவிடுவார், பிறகு பக்கிள் நுழையாமல் 32 பையன்களும் பல்லால் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். பெல்ட்டை வைத்துப் பார்த்தே லூப் அளவு சொல்லிவிடலாம். சாப்பாடு இங்கேதான், வீட்டில் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
தேவராஜன்