போகிக்கு முன் பரணைத் திறப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கடைசி நெருங்கினால், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்வது வழக்கம். 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போனதை மறந்திருக்க மாட்டோம். சரி, கொளுத்தவில்லை, வீட்டில் அடைந்து கிடப்பதை என்ன செய்வது?

போகிக்கு முதல் நாள் ராத்திரி கழிக்க உட்கார்ந்தால் கைக்கு அகப்பட்ட பாயும் தலையணையும்தான் வெளியே போகும்; பரண் அப்படியே இருக்கும். பத்து நாள் முன்பே, பாத்திரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஆல்பத்தில் கைவைத்தால் அன்றைய பொழுது அதோடு சரி.

பரணில் இருக்கும் எவர்சில்வரில் பெரும்பகுதி கல்யாணம், காதுகுத்துக்கு வந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அதனாலேயே போடவும் மனசு வராது, புழங்கவும் மாட்டோம். தினம் புழங்கத் தோதான ஒன்றிரண்டை அடுப்படிக்கு இறக்கிவிட்டு மீதியை எடைக்குப் போடலாம். பேக்லைட் கைப்பிடிகளை முன்பே கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் உத்தேசமாகக் கழிப்பார், உத்தேசம் எப்போதும் அவர் பக்கமே சாயும். பித்தளையைத் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள், அதன் விலையே வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, பணமாக வாங்குங்கள். பழசுக்குப் புதுசு மாற்றினால் பரண் மறுபடி நிரம்பிவிடும்.

மின்சாதனங்களைக் காயலான் கடையில் போட வேண்டாம். செம்புக்காக வயரை எங்காவது கொளுத்துவார்கள். நம் தெருவில் எழாத புகை வேறொரு தெருவில் எழும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

வைத்துக்கொள்பவை கொஞ்சமாக இருந்தால்தான் பேண முடியும். ஈயச் சொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது. பித்தளையில் புளிச் சமையல் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லையேல் களிம்பேறும். இரும்பு தோசைக்கல்லைக் கழுவியதும் அடுப்பிலேயே காயவைத்து, நல்லெண்ணெயைத் தடவித் துடைத்துவிட வேண்டும். தாராளமாகத் தடவினால் பிசுக்குத்தான் மிஞ்சும்.

பட்டுப்புடவைக்குப் பிளாஸ்டிக் உறை ஆகாது. உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும். இருபது புடவைக்கு இத்தனையும் யார் செய்வார்கள்? ஐந்துக்குச் செய்யலாம். அந்த ஐந்தையும் விசேஷத்துக்கு விசேஷம் மாற்றிக் கட்டி ஆசை தீர அனுபவிக்கலாம்.

பழைய பொருள் வாங்கும் உள்ளாட்சி வண்டி எந்தத் தெருவுக்கு என்றைக்கு வரும் என்ற விவரத்தை, போகிக்கு ஒரு வாரம் முன்பே தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். போகியன்று காலையில் போட்டால் அதற்குள் பாதி எரிந்திருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், மேற்கு மாம்பலம்