எட்டரை விநாடிக்கு ஒரு துடிப்பு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இந்த வருடம் உறைபனி அதிகம், கிழங்குச் செடி பாதி கருகிப்போனது, விடிவதற்குள் ஸ்பிரிங்ளர் போட ஓடுவதிலேயே நாள் போய்விட்டது. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

போன வாரம் விதைக்கிழங்கு பார்க்க முத்தொரைக்குப் போனபோது சரிவில் அந்த ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 530 மீட்டர் நீளம்! சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகை அளவான 11 டிகிரிக்குப் பொருந்தியதால்தான் அதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அந்த மலையைப் பிடித்தார். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது; ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம்.

அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. பல்சார், அதாவது சுழன்றுகொண்டே சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் நட்சத்திரம், வயதானால் ஒருநாள் சட்டென்று துடிப்பதை நிறுத்திவிடுமா என்று கேட்டிருந்தாய். கணக்குப்படி நிற்க வேண்டும். சுழற்சி குறையக் குறைய காந்தத் துருவத்துக்கு மேலே உண்டாகும் மின்னழுத்தமும் குறைகிறது, எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடிகள் பிறப்பதில்லை, அவை இல்லாவிட்டால் ரேடியோ அலையும் இல்லை. இந்த எல்லையை மரணக் கோடு என்கிறார்கள். ஆனால் ஜே2144-3933 என்று ஒன்று இருக்கிறது, வயது சுமார் 27 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். அதன் சுழற்சி நேரம் 2.84 விநாடி என்று முதலில் நினைத்தார்கள், 1999-இல் பார்த்தால் அதைப் போல மூன்று மடங்கு, 8.51 விநாடி! அன்றைய கணக்குகள் பலவற்றின்படி அது எப்போதோ அடங்கியிருக்க வேண்டும். இன்னும் துடிக்கிறது.

சரி, நிற்பதற்கு முன் என்ன ஆகும்? இடையிடையே மௌனம் வரும், அதற்கு நல்லிங் என்று பெயர். மெதுவாகச் சுற்றும் கிழப் பல்சார்களில் இது அதிகம். என்னைத் தூங்கவிடாதது பி0809+74 என்ற இன்னொரு பல்சார். அதன் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் சின்னத் துடிப்புகள் உண்டு, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இடம் நகரும், அடுக்கி வரைந்தால் நம் மலைச்சரிவுப் பாத்தி போலச் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். திடீரென்று சில சுற்றுகளுக்குச் சத்தமே இருக்காது. திரும்பி வரும்போது அந்தக் கோடு ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது, முதலில் தயங்கி நகர்ந்து, அப்புறம் பழைய வேகத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் மௌனத்திலும் உள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது, அணைந்து மறுபடி பற்றியதில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஏப்ரலில் வா, முத்தொரைக்குச் சேர்ந்து போவோம். ஸ்வெட்டர் கொண்டு வா, சாயங்காலம் குளிரும்.

அன்புடன்,
ராஜு