பிஞ்சு உதிர்ந்தால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் வீட்டுத்தோட்டக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். வரட்டும், நல்லதுதான். ஆனால் ‘பூ உதிர்கிறதா, மருந்து தெளியுங்கள்’, ‘வேப்பெண்ணெய் அடித்தால் பூச்சி போய்விடும்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்ற விவரம் இருப்பதில்லை. பரங்கி, பாகல், பீர்க்கு போட்டவர்களுக்குக் கோடை வெயிலைவிட இந்த அரைகுறைக் குறிப்புகளால்தான் நஷ்டம் அதிகம்.

பரங்கிக்கொடியில் முதலில் வருவது ஆண் பூ. அது ஒரு நாள் மலர்ந்து மறுநாள் விழுவதுதான் இயல்பு. அதற்கு மருந்தே கிடையாது. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருக்கும். வெயிலும் நீண்ட பகலும் சேர்ந்தால் ஆண் பூ பெருகிப் பெண் பூ குறையும். அந்த நேரத்தில் யூரியாவையும் அள்ளிப் போட்டால் கொடி கூரையைத் தொடும், காய் மட்டும் இருக்காது. பெண் பூவைக் கூட்ட எத்ரெல் என்ற பயிர் ஊக்கியைத் தெளிக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம்: 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., விதைத்த 10–15 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு முறை. கொடி படர்ந்து பூத்த பிறகு பாட்டிலைத் தேடி ஓடுவது வீண்செலவு.

பிஞ்சு விழுந்தால் முதலில் அதைக் கத்தியால் கீறிப் பாருங்கள். பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகிச் சூம்பி, உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளி, அதன்மேல் பிசின் முத்து, உள்ளே சொதசொதவென்று வெள்ளைப் புழு, அதிலும் கையில் எடுத்தால் வில்லாக வளைந்து துள்ளும் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. முதல் வகைக்குப் பூச்சிமருந்து அடித்தால் வருகிற நாலு தேனீயும் செத்து, உதிர்வது இன்னும் கூடும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்.

தேனீ வராத மாடிகளில் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவினால் போதும். பத்து மணிக்கு எழுந்து போனால் பூ வாய் மூடியிருக்கும். பாகலும் காலையில் மலர்வதுதான். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். புடலை இருட்டிய பிறகு. பூ மலர்ந்து தேனீ போன்றவை வரும் நேரத்தைத் தவிர்த்துத்தான் மருந்து தெளிக்க வேண்டும். ஆகவே ‘மாலையில் தெளியுங்கள்’ என்ற பொதுவான அறிவுரை பரங்கிக்கும் பாகலுக்கும் பொருந்தும். பீர்க்குப் பந்தலுக்கு விடிகாலையில் தெளிப்பதே சரி.

பழ ஈக்கு வருகிறேன். முட்டை தோலுக்கு அடியில், புழு சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். மேலே தெளிக்கும் எதுவும் இந்த மூன்றையும் தொடாது. பொறிதான் வழி என்று பலரும் வாங்கி மாட்டுகிறார்கள். அங்கேயும் ஒரு கோளாறு. கடையில் கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது மீத்தைல் யூஜினால் என்ற வாசனை மருந்து ஊறிய கட்டை. அது மாம்பழ ஈக்கானது. பாகலையும் பரங்கியையும் துளைக்கும் ஈ அதற்கு வராது. அந்த ஈயை இழுக்கக் கியூலூர் என்ற வேறு வாசனை மருந்து வேண்டும். இரண்டும் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெண் ஈக்குக் கருவாட்டுப் பொறி வைக்கலாம். பழைய கையேடுகளில் 5 கிராம் கருவாட்டுத் தூளோடு டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தில் நனைத்த பஞ்சை வைக்கச் சொல்லியிருக்கும். அந்த மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. இன்னும் அதையே அச்சிடுகிறவர்கள் உண்டு. தங்கள் நாளிதழாவது கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியில் பென்சில் நுழையும் அளவு துளைகள் போட்டு, அடியில் கருவாட்டுத் தூளும் சோப்புத் தண்ணீரும் ஊற்றித் தொங்கவிட்டால் உள்ளே போன ஈ மூழ்கிச் சாகும். நாற்றம் அடிக்கும், பூனையும் வரும்.

வீட்டுத்தோட்டத்துக்கு இவை எல்லாவற்றையும்விட உறுதியானது உறை. பூ வாடி, பிஞ்சு பிடித்தது தெரிந்த இரண்டு மூன்று நாளில் காகிதப்பையோ பழைய மெல்லிய துணியோ சுற்றிக் காம்பில் கட்டிவிடுங்கள். சொத்தைக்காயை அப்படியே உரக்குழியில் போடாதீர்கள். அது ஈ வளர்க்கும் பண்ணை. கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிந்து மொட்டை மாடி வெயிலில் வைத்தால் புழு வெந்துவிடும்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து ஓர் இலையில் மட்டும் கொட்டும். வெயில் ஏறிய பிறகு அடித்தால் இலை கருகும். இதைவிட வேப்பங்கொட்டைக் கரைசல் மேல்: 10 லிட்டருக்கு 500 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்ட வேண்டும். ஓராண்டுக்கு மேல் கிடந்த கொட்டையில் வீரியம் இருக்காது. கந்தகத் தூளைக் கொடிக் காய்கறிகளில் போடவே கூடாது, இலை பொசுங்கிவிடும். சாம்பல் நோய் என்று நினைத்துப் போடுகிறார்கள். பரங்கி இலையில் நரம்போரம் தெரியும் வெள்ளித் திட்டு பல ரகங்களில் பிறவியிலேயே உள்ளது. விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு ஒட்டினால்தான் நோய்.

முளைத்த வாரத்தில் விதையிலையைச் சல்லடையாக்குவது சிவப்பு வண்டு. விடிகாலையில் மந்தமாக இருக்கும்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவலாம்.

மதியம் இரண்டு மணிக்குப் பரங்கி இலை துவண்டு குடைபோலக் கவிழ்ந்தால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். அகன்ற இலை ஆவியாக விடும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: தண்ணீர்க் குறைவா, வேரழுகலா, தண்டில் துளையா என்று பாருங்கள்.

தக்காளியைக் கத்திரி வெயிலில் காய்க்க வைக்க முயல்வது பணத்துக்குக் கேடு. 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் செத்துப் பூ கொட்டும். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை தாங்கும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் குணமாகாது. வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

கோடைக்கொடி ஓய்ந்ததும் அடிமண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, ஆடிப்பட்டம் வரை வெயிலில் காயப் போடுங்கள். அங்கேதான் அடுத்த பட்டத்துக்கான பழ ஈயும் சிவப்பு வண்டும் கூட்டுப்புழுவாகப் படுத்திருக்கின்றன.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி ஒருவர்,
ஒட்டன்சத்திரம்